கிளிப்போர்டு மாறவில்லை

ஒரு புரோகிராம் சரியாத்தான் ஓடுதுன்னு யாராவது உங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டினா, உடனே மண்டைய மண்டைய ஆட்டாதீங்க. "நேத்து ஓடினதும் இதேதானா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்த ஒரு வார்த்தைய அன்னைக்கு அந்த ரூம்ல இருந்த பெரிய மனுசங்க யாரும் கேக்கல. அதனால ஸ்டெல்லாங்கிற பொண்ணுக்கு வேலை போச்சு. வேலைகூடப் போகட்டும், பேரு போச்சு. ஒரு உசுரு போனதுக்கு இவதான் காரணம்னு ஊருல பேசினாங்க. இப்ப நெனச்சாலும் எனக்கு மனசு ஆறல. ரிட்டையர் ஆன மனுசன் பழசப் பேசிக்கிட்டு நிம்மதியா இருக்கணுமாம். எனக்கு அந்தக் குடுப்பினை இல்லீங்க.

போன வாரம், புரோகிராம் எழுதற பசங்க உங்கள்ல ஒருத்தர் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் காட்டினீங்க. கமாண்ட் அடிச்சா ஓடுறது. கிளிப்போர்டை, அதான் நாம வெட்டின எழுத்து போய் உக்காருற எடத்தை, அப்பப்ப எட்டிப் பாக்கும். போன தடவ இருந்ததும் இப்ப இருக்கறதும் வேறயா இருந்தா மட்டும் சத்தம் குடுக்கும். "நல்லா இருக்கா சார்?"னு கேட்டீங்க. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். கெழவனுக்குத் திமிருன்னு நெனச்சிருப்பீங்க. திமிரு இல்ல. அதே புரோகிராமை நான் எண்பதுகளோட கடைசில தருமபுரில பாத்திருக்கேன். அதான் சொல்ல வந்தேன்.

தருமபுரிக்கு வெளிய ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். வெளிநாட்டுப் புண்ணியவான்க யாரோ அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தாங்க. ஏசி ரூம்ல பெரிய பொட்டி ஒண்ணு. அதுல இருந்து வயரு இழுத்து மூணு எடத்துல திரையும் கீபோர்டும் வெச்சிருந்தாங்க. ஒண்ணு அவசரக் கேஸு வர்ற கேஷுவாலிட்டி மேசையில, ஒண்ணு மருந்தகத்துல, ஒண்ணு ஆபீஸ்ல. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நாம அடிச்சா அது பதில் சொல்லும், அவ்வளவுதான். அதப் பாக்கறதுக்கே நல்லம்பள்ளில இருந்தெல்லாம் ஆளுங்க வந்து சன்னல்ல எட்டிப் பாப்பாங்க.

அதுக்குப் புரோகிராம் எழுதினது பெங்களூர்ல இருந்த ஒரு சின்ன கம்பெனி. எங்க சீனியர்தான் எழுதினவர். நான் அவருக்குக் கீழ புதுசாச் சேந்தவன். சொந்த ஊரு தருமபுரிங்கறதால "நீ அங்கயே கெட"ன்னு ஆஸ்பத்திரில போட்டுட்டாங்க. சீனியர் எப்பவாவது ரயிலேறி வருவாரு, பாப்பாரு, போவாரு. அவரு பேரையும் நான் சொல்லப்போறதில்ல. சொன்னா உங்கள்ல ரெண்டு பேரு "அய்யோ அவரு எங்க மாமா ஆச்சே"ன்னு சண்டைக்கு வருவீங்க.

வேலை எப்படின்னா, கேஷுவாலிட்டில டாக்டர் ஒரு மருந்து கேட்டா, மேசையில இருக்கற பொண்ணு அத எடிட்டர்ங்கற எழுதற புரோகிராம்ல அடிப்பா. அந்த வரிய வெட்டினா அது எல்லாத் திரைக்கும் பொதுவான ஒரு எடத்துல போய் உக்காரும். அதுதான் எங்க கிளிப்போர்டு. மருந்தகத்துத் திரையில ஒரு புரோகிராம் ஓயாம அந்த எடத்தையே எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கும். மாறியிருந்தா மணி அடிச்சு அந்த வரியக் காட்டும். மருந்தகத்துக்காரர் மருந்தை எடுத்து ஆள்கிட்டக் குடுத்து விடுவாரு.

மேசையில இருந்த பொண்ணுதான் ஸ்டெல்லா. நல்லம்பள்ளிப் பக்கம், கொஞ்சம் நெலம் இருக்கற கத்தோலிக்கக் குடும்பம். வூட்டுல முதமுதலா மாசச் சம்பளத்துக்கு வந்த பொண்ணு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அவ அடிச்சா ஒரு எழுத்து பெசகாது. நாங்க ஏதாவது அவசரத்துல தப்பா அடிச்சா, "ஏங்க, கம்ப்யூட்டர் படிச்சவங்க நீங்களே இப்படி அடிச்சா எப்படிங்க?"ன்னு சிரிப்பா. எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கும். அதுக்கு மேல ஒண்ணுமில்ல, கதை கட்டாதீங்க.

இப்ப அந்தப் புரோகிராமோட சங்கதிக்கு வர்றேன். முதல்ல சீனியர் அதை வேற மாதிரிதான் எழுதியிருந்தாரு. கிளிப்போர்டுல இருக்கறது என்னன்னு பாக்காது. கடைசியா எப்பத் தொட்டாங்கங்கற நேரத்தை மட்டும் பாக்கும். நேரம் மாறினா மணி. ஆனா எடிட்டரைச் சும்மா திறந்து மூடினாலே அந்த நேரம் மாறிடும். ஆபீஸ்ல ஒருத்தர் லீவு லெட்டர் அடிச்சாக்கூட மருந்தகத்துல மணி அடிக்கும். மருந்தகத்துக்காரர் பாவம், எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்து ஓஞ்சுபோனாரு. கடைசில துண்டை மடிச்சு அந்தத் திரை மேலயே போட்டு மூடிட்டாரு. "இது மணியா, இல்ல கழுத மேல கட்டின சலங்கையா?"ன்னு ஃபாதர்கிட்டப் போய்க் கத்தினாரு. ஃபாதர்னா ஆஸ்பத்திரி நிர்வாகி.

சீனியர் வந்தாரு. உக்காந்த எடத்துல மாத்தினாரு. பழைய வரிய ஞாபகம் வெச்சுக்கிட்டு, புது வரியோட ஒப்பிட்டுப் பாக்கும். வேறயா இருந்தா மட்டும் மணி. வெட்டி மணியெல்லாம் நின்னுபோச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கேட்டேன்: "சார், ஒரே ஆர்டர் ரெண்டு தடவ வந்தா?"

"வந்தா என்னய்யா? ஒரே ஆர்டர் ரெண்டு தடவ வந்துச்சுன்னா யாரோ தெரியாம ரெண்டு தடவ அழுத்தியிருக்கான்னு அர்த்தம். டபுளா மருந்து போகாம தடுக்குது. நல்லதுதானே?"

எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. ஏன்னா எல்லா ஆர்டர்லயும் நோயாளி நம்பர் இருக்கும். ரெண்டு பேருக்கு ஒரே வரி வரவே வராது.

பாம்புக்கடியத் தவிர.

அங்க ஒரு பழக்கம் இருந்துச்சு, நல்ல பழக்கம். பாம்புக்கடின்னு வந்தா பேரு, ஊரு, நம்பரு ஒண்ணும் கேக்கக் கூடாது. முதல்ல ஊசி, அப்புறம்தான் பேரு. அங்க இருந்த டாக்டர் வெச்ச சட்டம் அது. மலையில இருந்து வர்றவங்க பேரு எழுதற வரிசையிலயே செத்துப்போறதப் பாத்துட்டு வெச்சாராம். அதனால பாம்புக்கடிக்கு மட்டும் ஒரு வரிய ஸ்டெல்லா முன்கூட்டியே அடிச்சுத் தயாரா வெச்சிருப்பா. பாம்புக்கடி, அவசரம், விஷமுறிவு பத்துக் குப்பி. அவ்வளவுதான் அந்த வரி. ஆள் வந்தா உடனே அத வெட்டி அனுப்புவா. ஒரு நிமிசம் மிச்சமாகுதுன்னு டாக்டரே அவளப் பாராட்டினாரு.

இன்னொரு சட்டமும் இருந்துச்சு. அது ஃபாதர் வெச்சது. கம்ப்யூட்டர் வந்ததுக்கு அப்புறம் மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு மருந்தகத்துக்கு யாரும் ஓடக் கூடாது. பொட்டி அனுப்பினவங்க எப்ப வேணா வந்து பாப்பாங்களாம். வந்து பாக்கறப்ப வராண்டாவுல ஆளுங்க சீட்டோட ஓடினா என்ன மரியாதைன்னு அவருக்குக் கவலை. ஸ்டெல்லா ஒருதரம் பழக்கதோஷத்துல ஓடிப்போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. "உனக்கு மெஷின் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. அன்னைல இருந்து அவ எடத்த விட்டு அசையறதில்ல.

இதுக்கப்புறம் அந்த நாள். சித்தேரி மலையில அண்ணன் தம்பி ரெண்டு பேரு அடுக்கி வெச்ச சோளத்தட்டையப் பிரிச்சிருக்காங்க. உள்ள பாம்பு. தம்பியக் கடிச்சிருச்சு. அத அடிக்கப் போன அண்ணனையும் கடிச்சிருச்சு. மலை பஸ்ல இறங்கி, அப்புறம் ஒரு லாரியப் புடிச்சு, ரெண்டு பேரையும் ஒண்ணா கொண்டாந்து போட்டாங்க. அண்ணன் மொதல்ல உள்ள போனாரு. ஸ்டெல்லா அந்த வரிய அனுப்பினா. மருந்தகத்துல மணி அடிச்சுது. பத்துக் குப்பி வந்துச்சு, ஊசி ஏறுச்சு. அடுத்த கட்டில்ல தம்பி. டாக்டர் "இன்னொரு பத்து"ன்னாரு. ஸ்டெல்லா அதே வரிய மறுபடி அனுப்பினா.

மருந்தகத்துல புரோகிராம் எட்டிப் பாத்துச்சு. முன்ன இருந்த வரியேதான் இருந்துச்சு. ஒண்ணும் மாறலைன்னு சும்மா இருந்துருச்சு.

குப்பி வரல. நர்ஸு "எங்க மருந்து?"ன்னு கத்துறாங்க. ஸ்டெல்லா மறுபடி அனுப்புறா. வரல. மறுபடி அனுப்புறா. அந்தப் பொண்ணு தயாரா வெச்ச வரிய எத்தன தடவ கூப்பிட்டு வெட்டினாலும் அதே வரி, அதே எழுத்து, ஒரு புள்ளி பெசகல. புதுசா அடிச்சு ஒரு எழுத்து தப்பா விழுந்திருந்தா மணி அடிச்சிருக்கும். என்ன மாதிரி கோணக்கையன் ஒருத்தன் அந்த மேசையில இருந்திருந்தா அந்தத் தம்பிக்கு மருந்து வந்திருக்கும். அவ சுத்தமா வேலை செஞ்சதுதான் அவளுக்கு வெனையாப் போச்சு.

கடைசில சட்டமாவது ஒண்ணாவதுன்னு எந்திரிச்சு ஓடியிருக்கா. மருந்தகத்துக்காரர் "ஒண்ணுதானே வந்துச்சு, அதான் குடுத்துட்டேனே"ன்னு முழிச்சிருக்காரு. மருந்தை எடுத்துக்கிட்டு வந்து ஏத்துனாங்க. நேரம் கடந்துபோச்சு. மறுநா காலையில தம்பி போயிட்டாரு. அண்ணன் பொழச்சுக்கிட்டாரு. முன்னாடியே குடுத்திருந்தா தம்பியும் பொழச்சிருப்பாரான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா"ன்னாரு. அது நெசமான பதில்னுதான் இன்னைக்கும் நெனக்கிறேன்.

ஆனா ஊருக்கு ஒரு ஆள் வேணுமில்ல? மருந்தகத்துல ஒரு ஆர்டர்தான் வந்துச்சுன்னு மருந்தகத்துக்காரர் சத்தியம் பண்றாரு. அவரு பொய் சொல்லல. நான் பலதடவ அனுப்பினேன்னு ஸ்டெல்லா சொல்றா. அவளும் பொய் சொல்லல. ஆனா ரெண்டுல ஒருத்தர்தான் நெசம் சொல்லியிருக்க முடியும்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. பொட்டிய யாரும் சந்தேகப்படல. அது வெளிநாட்டுல இருந்து வந்தது ஆச்சே! பொண்ணு பயத்துல அனுப்ப மறந்துட்டு இப்ப சமாளிக்குதுன்னு பேச்சு. ஃபாதர் விசாரணை வெச்சாரு. பெங்களூர்ல இருந்து சீனியரை வரச் சொன்னாரு.

நான் அதுக்கு முன்னாடியே மருந்தகத்துத் திரையில உக்காந்து சோதிச்சுப் பாத்துட்டேன். ஒரே வரிய ரெண்டு தடவ அனுப்பினேன். ஒரு மணிதான் அடிச்சுது. மறுபடி பண்ணினேன். அதேதான். சீனியர் வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுல தங்கியிருந்தாரு. நேரா அவருகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். எழுதினவருகிட்ட மொதல்ல சொல்றதுதானே மொறை? அதுக்காக இன்னைக்கு உங்க முன்னாடி மார்ல அடிச்சுக்கிட்டு அழப்போறதில்ல. நான் சொன்னது சரி. அதக் கேட்டுட்டு அவரு செஞ்சதுதான் பாவம்.

சீனியர் என் தோள்ல கை வெச்சு, "நல்லா கண்டுபுடிச்சே. நாளைக்கு ஃபாதர்கிட்ட நானே சொல்றேன். நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காதே"ன்னாரு. நான் நம்பினேன். என்ன மனுசன்யான்னு மனசுக்குள்ள அவரைக் கும்பிட்டேன்!

மறுநா விசாரணை. ஃபாதர், டாக்டர், மருந்தகத்துக்காரர், சீனியர், நானு. ஸ்டெல்லா நின்னுக்கிட்டு இருக்கா. அவளுக்குப் பின்னால கதவோரமா அவங்கப்பா. வெள்ள வேட்டி, கைய கட்டிக்கிட்டு நிக்கறாரு. ஃபாதர் கேட்டாரு: "அன்னைக்கு எப்படி அனுப்புனியோ அப்படியே இப்ப செஞ்சு காட்டு."

அவ அந்த வரிய அனுப்பினா. தூரத்துல மருந்தகத்துல மணி அடிச்சுது. அதே வரிய மறுபடி அனுப்பினா.

மணி அடிச்சுது.

இன்னொருதரம். மறுபடி அடிச்சுது. அவ எத்தன தடவ அழுத்தினாளோ அத்தன தடவயும் அடிச்சுது. ஸ்டெல்லா திரையப் பாத்தா, கையப் பாத்தா, அவங்கப்பாவத் திரும்பிப் பாத்தா. அந்த மூஞ்சி எனக்கு மறக்கல.

காலையிலயே சீனியர் வந்து புரோகிராமை மாத்திட்டாரு. ஒவ்வொரு தடவ வெட்டும்போதும் ஒரு எண்ணு கூடற மாதிரி வெச்சு, வரி மாறாம இருந்தாலும் எண்ணு மாறினா மணி அடிக்கற மாதிரி பண்ணிட்டாரு. ரொம்பச் சரியான வேலை. அப்படித்தான் எழுதணும். நீங்களும் அப்படியே எழுதுங்க. அவ்வளவு அழகான திருத்தத்தை வெச்சு ஒரு பொண்ண பொய்க்காரி ஆக்கினாரு பாருங்க, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

நான் எந்திரிச்சேன். "ஃபாதர், இது அன்னைக்கு ஓடுன புரோகிராம் இல்லீங்க. இன்னைக்குக் காலையில மாத்தியிருக்காங்க. நேத்து நானே சோதிச்சேன், ஒரு மணிதான் அடிச்சுது."

சீனியர் கோபப்படல. லேசாச் சிரிச்சாரு. "தம்பி புதுசுங்க ஃபாதர். ஊர்ப்பொண்ணு பாருங்க, பாவப்படுறான்."

"பழைய புரோகிராமைக் காட்டுங்க சார்"னேன்.

"எந்தப் பழசு? இருக்கறது இதுதான்."

பழசு மேலயே புதுச எழுதிட்டாரு. வேற பிரதி கிடையாது. நான் சோதிச்சேன்னு சொல்றதுக்கு என் வாயத் தவிர ஒண்ணும் இல்ல. ஃபாதர் ஸ்டெல்லாகிட்டத் திரும்பி, "சரி, மருந்து வரலைன்னா நீ உடனே ஓடியிருக்கலாமே?"ன்னு கேட்டாரு. ஓடக் கூடாதுன்னு சட்டம் போட்ட வாயி! கதவோரத்துல இருந்து அவங்கப்பாதான் "வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்"னாரு.

சாயங்காலம் டீக்கடையில சீனியர் எனக்கும் சேத்து டீ சொன்னாரு. "இன்னும் நாலு ஆஸ்பத்திரிக்கு இதையே போடப்போறோம்யா. இப்பப் பேரு கெட்டா கம்பெனில இருக்கற எல்லார் வயித்துலயும் மண்ணு. நீயும்தான். அந்தப் பொண்ணுக்கென்ன, வேற வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும்." நான் டீயக் குடிக்காம வந்துட்டேன். பெரிய வீரமெல்லாம் இல்ல. என்னையும் சீக்கிரமே அனுப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். அனுப்பவும் செஞ்சாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், தொழிலை எனக்குக் கத்துக்குடுத்தது அந்த ஆளுதான். இன்னைக்கும் நான் எழுதற வரில அவரு கை இருக்கு. புடிச்சுத் தொடைச்சாலும் போகமாட்டேங்குது.

போறதுக்கு முன்னாடி ஸ்டெல்லாவ ஒருதரம் பாத்தேன். சம்பளக் கணக்கு முடிக்க வந்திருந்தா. "ஏங்க, நான் அனுப்பினேன்ல?"ன்னு கேட்டா. என்கிட்டக் கேக்கறா! "அனுப்பினீங்க, சத்தியமா அனுப்பினீங்க"ன்னேன். "ராத்திரியெல்லாம் யோசிக்கிறேங்க. அனுப்பின மாதிரி நெனச்சுக்கிட்டேனோன்னு தோணுது"ன்னா. வேலை போனதவிட அதுதான் கொடுமை. தான் செஞ்ச வேலையையே அவ நம்பாத மாதிரி பண்ணிட்டாங்க.

அதனால உங்களுக்குச் சொல்றேன், எழுதி வெச்சுக்கிட்டாலும் சரி, காத்துல விட்டாலும் சரி. தப்பு கண்டுபுடிச்சா கை பரபரன்னு வரும், உடனே சரி பண்ணணும்னு. பண்ணாதீங்க. தப்பான புரோகிராமை அப்படியே ஒரு பிரதி எடுத்து, ரெண்டு பேரு பாக்க ஓட்டிக் காட்டி, அப்புறமா தொடுங்க. ஏன்னா அந்தத் தப்புக்காக எங்கயோ ஒரு மேசையில ஒருத்தர் திட்டு வாங்கிக்கிட்டு இருப்பாங்க. அவங்க பக்கம் பேசறதுக்கு அந்த ஒடஞ்ச புரோகிராமைத் தவிர வேற சாட்சி இருக்காது. அதுக்கப்புறம் எண்ணு வையுங்க, மணி வையுங்க, என்னமோ பண்ணுங்க.

சாட்சி இருக்காதுன்னு சொன்னேன். அதுவும் தப்பு. ஒரு சாட்சி இருந்துச்சு, நாங்கதான் கேக்கல.

நான் கெளம்பற வாரம், செத்துப்போன தம்பியோட சம்சாரம் மலையில இருந்து எறங்கி வந்துச்சு. இறப்புச் சான்றுக்கு டாக்டர் கையெழுத்து வேணும்னு. சின்னப் பொண்ணு, இடுப்புல கைக்கொழந்த. ஸ்டெல்லாவுக்குப் பதிலா கேஷுவாலிட்டி மேசையில நான்தான் இருந்தேன். "இங்க இருந்த பொண்ணு எங்கீங்க?"ன்னு கேட்டுச்சு.

"நின்னுட்டாங்கம்மா. உங்க வூட்டுக்காரருக்கு மருந்து கேக்க மறந்துட்டாங்கன்னு..."

"யாருங்க சொன்னது? நான் இங்கதான நின்னேன், இந்த மேசைகிட்டயே. நர்சம்மா கத்தக் கத்த அது இந்தப் பொட்டியத் தட்டிக்கிட்டே இருந்துச்சுங்க. அழுதுக்கிட்டே தட்டுச்சு. அப்புறம் செருப்பக்கூட உட்டுட்டு ஓடுச்சு."

கையப் புடிக்காத கொறையா அந்தப் பொண்ண ஃபாதர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணு விடாம அவருகிட்டயும் சொல்லுச்சு. ஃபாதர் முழுசாக் கேட்டாரு, அத மறுக்க மாட்டேன். கேட்டுட்டு, "அது முடிஞ்சுபோன விஷயம்மா. அந்தப் பொண்ணே வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு"ன்னாரு.

"முடிஞ்சுபோனது எனக்குத்தானுங்க, அதுக்கு ஏனுங்க முடியணும்? அன்னைக்கு எம் புருசனுக்காக இந்த ஆஸ்பத்திரில ஓடுனது அது ஒண்ணுதானுங்களே!"

ஃபாதர் என்னப் பாத்தாரு. "தம்பி, கம்ப்யூட்டர் குடுத்தவங்க இன்னைக்கு வர்றாங்க. இவங்களப் பின்பக்கமா கூட்டிட்டுப் போங்க"ன்னாரு.